கலர் எதுவானாலும் பரவாயில்லை

"இந்தக் கறுப்பு கொஞ்சம் செவப்படிக்குதுங்களே!" என்றார் பழனிமுத்து.

லேப்டாப் கடைக்காரர் அருள்செல்வன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து ட்யூப் லைட்டையும் பார்த்தார். எங்கேயும் சிவப்பைக் காணோம்.

"இதுல எங்க அண்ணாச்சி செவப்பு? சுத்தக் கறுப்புல்லா!"

"உங்களுக்குத் தெரியாதுங்க. வெயில்ல கொண்டு போய்ப் பார்த்தாத் தெரியுமுங்க."

பழனிமுத்து பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் துணித் துண்டு ஒட்டியிருந்தது. அதை லேப்டாப்பின் முதுகில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட்டார்.

"பாருங்க, எங்கிது நீலக் கறுப்பு. உங்கிது செவப்புக் கறுப்பு. ஊட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்றதுங்க?"

தொழில் கொடுத்த வியாதி இது. பழனிமுத்து ஒரு சாயப் பட்டறையில் ஃபாலோ-அப் ஆள். பனியன் கம்பெனிக்காரர்கள் டன் கணக்கில் துணியைச் சாயத்துக்குக் கொடுக்கும் முன்பு, பட்டறை லேபில் துண்டுத் துணியில் அந்தக் கலரைப் போட்டு மாதிரி காட்ட வேண்டும். அதற்கு லேப் டிப் என்று பெயர். ஒரே கலரை ஏ, பி, சி என்று மூன்று விதமாகப் போட்டு அனுப்புவார்கள். கம்பெனியில் ஒன்றைப் பிடித்து 'அப்ரூவல்' சொன்ன பிறகுதான் இங்கே மிஷின் ஓடும். அந்த அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் திருப்பூரைச் சுற்றி வருவதுதான் பழனிமுத்துவின் உத்தியோகம். அப்ரூவல் வாங்காமல் இந்த மனிதர் கடுகுகூடத் தாளிக்க மாட்டார் என்று அவர் மனைவி மயிலாள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

லேப்டாப் சமாசாரம் முந்தின நாள்தான் முளைத்தது. மகள் தரணிக்குக் கல்லூரியில் டெக்ஸ்டைல் ப்ராசஸிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. அடுத்த வாரம் வகுப்பு. பழனிமுத்து பட்டறையில், ஓடுகிற சாய மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றபோது கல்லூரியிலிருந்து ஓர் ஆள் போனில் பேசினார். முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையும் கையில் லேப்டாப்போடு வந்தாக வேண்டுமாம்.

"சின்னதா இருந்தாப் போதுமுங்க. பழசானாலுஞ் செரி. கலர் எதுவானாலும் பரவாயில்லீங்க" என்றும் அந்த ஆள் சொன்னார்.

பழனிமுத்து உருகிவிட்டார். நம்மைப் போன்றவர்களின் கஷ்டம் தெரிந்த கல்லூரி!

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் தரணி, காலேஜ் மெசேஜ் திறந்திருந்த தன் போனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, அது வந்துங்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ ஒண்ணும் பேசாத கண்ணு! ப்ளஸ் டூவுல இருந்து நீ கேட்டுட்டுத்தான் இருக்கற. போன்ல பார்த்துக்க, போன்ல பார்த்துக்கன்னு நாந்தான் ஓட்டீட்டு இருந்தேன். இனி ஓட்ட முடியாது. காலேஜே சொல்லிப்போட்டாங்க."

பழனிமுத்து பள்ளியில் படித்தபோது ஜாமெட்ரி பாக்ஸ் இல்லையென்று ஒரு நாள் முழுக்க வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே எல்லோரும் வட்டம் போட, அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த அவமானம் இன்னும் அவருக்கு ஆறவில்லை. தன் பெண் ஒரு நிமிஷம்கூட அப்படி நிற்கக் கூடாது என்பதில் அவர் குறியாக இருந்தார்.

தரணி திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

மயிலாள் மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள். "ஏனுங், எங்கண்ணம் புள்ள வெச்சிருக்கறது வெள்ளி கலரு. மஞ்சக் கையில தொட்டா அப்பிடியே தெரியுது. நீங்க நல்ல கறுப்பா வாங்கியாங்க."

அதனால்தான் பழனிமுத்து இன்று கம்பெனிக்குப் போகிற வழியில் கடையேறி, கறுப்பில் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கலர் இருக்கட்டும் அண்ணாச்சி. ராம் எவ்வளவு வேணும்?" என்றார் அருள்செல்வன்.

"அதெல்லாம் நீங்க பார்த்துப் போடுங்க. இது ஓரம் பிரியாதுங்களா?" பழனிமுத்து மூடியின் இணைப்பை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து, பனியனின் தோள் தையலை இழுக்கிற மாதிரி இழுத்துப் பார்த்தார்.

அருள்செல்வன் பதறிப்போய் அதைப் பிடுங்கிக்கொண்டார். "நீங்க சொல்லுத பட்ஜெட்டுக்குப் புதுசு செரிப்படாது அண்ணாச்சி. செகண்ட்ஸ்ல நல்லதா ஒண்ணு இருக்கு, காட்டட்டா?"

திருப்பூரில் செகண்ட்ஸ் என்றால் ஒரே அர்த்தம்தான். ஓட்டையோ கறையோ விழுந்து, எக்ஸ்போர்ட்டில் கழித்துப் போட்ட பீஸ்.

"எந்த எடத்துல டேமேஜுங்க?"

"டேமேஜே கிடையாது."

"டேமேஜ் இல்லாம எப்பிடிங்க செகண்ட்ஸ் ஆகும்?"

"ஒருத்தர் யூஸ் பண்ணது அண்ணாச்சி!"

"போட்டுக் கழட்டுனதுங்களா?" என்று பழனிமுத்து கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். விற்பனைப் பெண் நதியா சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

ஆனால் பழசானாலும் சரி என்று கல்லூரியே சொல்லியிருக்கிறது. பழனிமுத்து யோசித்தார்.

"செரிங்க. சாம்பிளுக்கு அந்தப் பீஸக் குடுங்க. ஊட்டுல காட்டி அப்ரூவல் வாங்கிட்டு வந்தர்றேன்."

"லேப்டாப்ப எப்படி அண்ணாச்சி சாம்பிள் குடுக்க முடியும்?"

கடைசியில் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு பழனிமுத்து கிளம்பினார். அருள்செல்வன் ஒரு சோடா வாங்கிவரச் சொன்னார்.

மண்ணரைப் பகுதியில் இருந்தது அந்தப் பனியன் கம்பெனி. அங்கே சாயத்துக்கு அப்ரூவல் சொல்லுகிறவர் ஆஷா மேடம். பழனிமுத்து பையைத் திறந்து கறுப்பு லேப் டிப்களை மேஜையில் வைத்தார். ஏ இருந்தது. சி இருந்தது.

"பி எங்கண்ணா?"

பழனிமுத்து பையைக் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ் விழுந்தது, மொபெட் சாவி விழுந்தது. பி விழவில்லை.

"நேத்து ராத்திரி ஊட்டுல பையில வெச்சேனுங்களே!"

"அண்ணா, ஃபாரின்ல துணி வாங்கற பையர், பட்டறையில அனுப்புன போட்டோவப் பார்த்துட்டு பி-யைத்தான் கேட்கறாங்க. ஈவினிங் கொரியர்ல போகணும். உடனே போய் எடுத்துட்டு வந்துருங்க."

பட்டறை மாஸ்டருக்குத் தெரிந்தால் பழனிமுத்துவையே சாயத் தொட்டியில் முக்கிவிடுவார். வேறெங்கே போயிருக்கும்? காலையில் பையைத் திறந்தது ஒரே இடத்தில்தான். உடனே கடைக்குப் போன் போட்டார். சுற்றிலும் தையல் மிஷின்கள் படபடத்துக்கொண்டிருந்தன.

"சார், காலைல வந்த பழனிமுத்து பேசறேனுங்க. என்ற லேப் டிப்பு ஒண்ணு உங்க கடையில விட்டுப்போட்டனாட்ட இருக்குதுங்க."

"லேப்டாப்பா! நீங்க எங்க அண்ணாச்சி கொண்டு வந்தீங்க?"

"பையிலதானுங்க இருந்துச்சு. கறுப்பு. கம்பெனியிதுங்க."

"வெல கூடுனதோ?"

"வெல என்னங்க வெல! அது இல்லீன்னா இங்க ரெண்டு டன்னு அப்பிடியே நின்னு போயிருமுங்க. ஃபாரின்ல காத்துட்டு இருக்கறாங்க!"

அருள்செல்வன் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். கம்பெனி ரகசியமெல்லாம் உள்ள லேப்டாப் தன் கடையில் காணாமல் போய்விட்டது! அவர் ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார். உள்ளே இருந்த வாடிக்கையாளர்களை வெளியே விடவில்லை. கேமரா பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். நதியாவின் கைப்பையை வாங்கிக் கொட்டிப் பார்த்தார். சீப்பும் சோற்று டப்பாவும் விழுந்தன. அவள் அழ ஆரம்பித்தாள்.

பழனிமுத்து வந்து சேர்ந்தபோது கடை வாசலில் கூட்டம்.

"என்னங்க ஆச்சு?" என்று ஒருவரிடம் கேட்டார்.

"பத்துப் பதினஞ்சு லேப்டாப் களவு போயிருச்சாமுங்க. போலீசு வருதாம்."

"அடப் பாவமே! நல்ல மனுசனாச்சே" என்று வருத்தப்பட்டுக்கொண்டே பழனிமுத்து ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே போனார்.

"அண்ணாச்சி!" அருள்செல்வன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கடை பூரா தேடிட்டேன். கிடைக்கல. போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லிரட்டா?"

"ஒரு துணித் துண்டுக்குப் போலீசுங்களா?"

"துணித் துண்டா?"

பழனிமுத்து ஏ-யையும் சி-யையும் எடுத்துக் காட்டினார். "இதே மாதிரி, பி-ன்னு போட்டிருக்குமுங்க. லேப் டிப்பு."

அருள்செல்வன் அந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் பேசியவள் நதியாதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து ஷட்டருக்கு முன்னால் நின்றாள்.

"சார், இந்த அண்ணன் ஒரு லேப்டாப் எடுக்காம இதத் தாண்டக் கூடாது."

அவள் முகத்தையும் மேஜையில் கொட்டிக் கிடந்த அவள் பைச் சாமான்களையும் பார்த்தபோது பழனிமுத்துவுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. தன்னால் ஒரு பெண்பிள்ளையின் பையை நாலு பேர் நடுவில் கொட்டிவிட்டார்கள். "மன்னிச்சுக்க கண்ணு" என்றார். "அந்தச் செகண்ட்ஸையே எடுத்துக்கறேன். போட்டுக் கழட்டுனதா இருந்தாலும் பரவாயில்ல."

"அது இல்ல" என்றார் அருள்செல்வன். ஷட்டருக்குள் மாட்டிக்கொண்ட ஒரு வாடிக்கையாளர், வேறு வேலையில்லாமல் பார்த்துப் பார்த்துப் பிடித்துப்போய் அதை வாங்கிவிட்டிருந்தார். கறுப்பில் இருந்ததெல்லாம் விலை கூடுதல். கைக்கு எட்டுகிற விலையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். புதுசு. மாதத் தவணை. ரோஸ் கலர்.

இருபது வருஷத் தொழிலில் முதல் முறையாக, ஒரு கலருக்கு அப்ரூவல் வாங்காமல் கையெழுத்துப் போட்டார் பழனிமுத்து.

பி கிடைக்கவே இல்லை. மாஸ்டர் தன் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, புதிதாக ஒரு பி போட்டுக் கொடுத்தார். அதை விழுந்தடித்துக்கொண்டு எடுத்துப்போனால், பையர் மனசு மாறி ஏ-யே போதும் என்று சொல்லிவிட்டதாக ஆஷா மேடம் சாதாரணமாகச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் மயிலாள் பெட்டியைத் திறந்தாள்.

"ஏனுங், கறுப்புன்னு சொல்லியனுப்புனா ரோஸ வாங்கியாந்து வெச்சிருக்கறீங்க?"

"கலர் எதுவானாலும் பரவாயில்லன்னு காலேஜுல சொல்லியிருக்கறாங்க!"

அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கக் காலையில் கல்லூரிக்குப் போயிருந்த தரணி அப்போதுதான் உள்ளே வந்தாள். லேப்டாப்பைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். இப்படி ஓர் அழுகைக்காக இன்னொரு நாள்கூட மாஸ்டரிடம் திட்டு வாங்கலாம் என்று தோன்றியது பழனிமுத்துவுக்கு.

சாப்பிடும்போது அன்றைய கூத்தையெல்லாம் சொன்னார். மயிலாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எல்லாஞ் செரி. அந்த பி மட்டும் எங்க போச்சுன்னே தெரியல. பையில வெச்சது எனக்கு நல்லா நெனப்பிருக்குது."

தரணிக்குப் புரையேறியது. மயிலாள் தலையில் தட்டி, "யாரோ நெனைக்கறாங்க சாமி, தண்ணியக் குடி" என்றாள்.

முதல் நாள் கல்லூரிக்குத் தானும் வருவதாகப் பழனிமுத்து கிளம்பினார்.

"நானே பஸ்ல போயிக்கறனுங்ப்பா" என்றாள் தரணி.

"புது லேப்டாப்பு கண்ணு. பஸ்ஸுல இடிபடும்."

"உங்களுக்கு வேல கெட்டுப் போயிருமுங்க."

"லீவு சொல்லீட்டேன்."

கல்லூரி வாசலில், "பெட்டியக் குடுங்ப்பா, நாங் கொண்டு போயிக்கறேன். நீங்க கெளம்புங்க" என்று மறுபடி மன்றாடினாள். பழனிமுத்து விடவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே நடந்தார். சுற்றிலும் பிள்ளைகள் வெறும் தோள்பையோடு போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையிலும் லேப்டாப் இல்லை. பாவம், இதுகளையெல்லாம் இன்று வெளியேதான் நிறுத்துவார்கள் என்று அவருக்குப் பரிதாபமாக இருந்தது. தன் பெண்ணை மட்டும் யாரும் நிறுத்த முடியாது. நெஞ்சு நிமிர்ந்தது.

துறை வாசலில் லேப் உதவியாளர் ஆத்தப்பன் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். குரலைக் கேட்டதும் அன்று போனில் பேசியவர் இவர்தான் என்று பழனிமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியை அவர் முன்னால் பதவிசாக வைத்தார்.

"நீங்க கொண்டாரச் சொன்னதுங்க. தரணியோட அப்பா நானு. கலருதான் கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிப்போச்சு."

பின்னால் தரணி செருப்பு வாரைச் சரிசெய்வதற்காகக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

ஆத்தப்பன் ரோஸ் பெட்டியைப் பார்த்தார், பழனிமுத்துவைப் பார்த்தார். பிறகு மேஜை டிராயரை இழுத்து, ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினார்.

"இதென்னுங்க இத்தாப் பெரிய பொட்டி? நாங் கேட்டது லேப் டிப்பு. அதத்தான் போட்டோ எடுக்க வந்தன்னிக்கே உங்க புள்ள குடுத்துப்போட்டுப் போயிருச்சே... இந்தாங்க பாருங்க, கறுப்பு, பி!"