சர்வதேசம் குடிக்காத தேத்தண்ணி

பரந்தன் சந்தியில் நின்றுகொண்டே உலகத்துச் சண்டைகள் அத்தனையையும் தீர்த்துவைக்கக்கூடிய ஒரே மனிதர் சர்வதேசம்தான். உலகத்துக்குத்தான் இன்னும் அவருடைய விலாசம் கிடைக்கவில்லை.

அவருடைய சொந்தப் பெயரை வாக்காளர் இடாப்பில் தேடிப் பார்க்கலாம். ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிளிநொச்சியில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் நெடுங்காலம் எழுத்து வேலை பார்த்து ஓய்ந்தவர். எந்தப் பிணக்கைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "உது சர்வதேச மட்டத்தில பாக்கவேண்டிய விசயம்" என்பார். பஸ்ஸில் யன்னலோர இருக்கைக்கு இரண்டு பேர் பிடுங்குப்பட்டால் நடத்துநருக்கு முன்னால் இவர் எழும்பிவிடுவார். "முதலில எந்த நாட்டுச் சட்டம் எண்டு ரெண்டுபேரும் உடன்படுங்கோ!" அவர்கள் உடன்படுவதற்குள் ஆனையிறவு வந்துவிடும்.

ஒருமுறை ஒரு வீட்டுக் கோழி வேலி பாய்ந்து அடுத்த வளவில் முட்டையிட்டது. சர்வதேசம் அதை எல்லை கடந்த முதலீடு என்று அறிவித்து, முட்டையைத் தன் பொறுப்பில் எடுத்து விசாரணை நடத்தினார். தீர்ப்பு வந்தபோது அது கூழ்முட்டையாகிவிட்டிருந்தது. இரண்டு வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு தீர்ப்பைக் கேட்டார்கள்.

சந்தியில் நான் அப்போது போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தேன். கடையில் ஒரு கம்பியூட்டரும் நல்ல இணைய இணைப்பும் இருந்ததால் சர்வதேசமும் இருந்தார். இந்த நேரத்தில்தான் அவருடைய மருமகன் ஒருவன் அவருடைய போனில் செயற்கை நுண்ணறிவை ஏற்றிக்கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டான். அனுபவித்தது நாங்கள்.

"தம்பி, கேட்டீரே! ஒரு ஆள் லண்டனில, மற்ற ஆள் சிங்கப்பூரில, நடுவர் பாரிசில. ஒருத்தரும் கதிரையை விட்டு எழும்பேல்லை, வழக்கு முடிஞ்சுது! பெட்டி பெட்டியாக் கிடந்த கடதாசி எல்லாத்தையும் மிசின் வாசிச்சிட்டுதாம். நாங்கள் இன்னும் வேலியில கதியால் எண்ணிக்கொண்டிருக்கிறம்."

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

"தொடங்கவேணும், தம்பி. பரந்தனிலயும் தொடங்கவேணும்."

வன்னியில் சர்வதேச வழக்குக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பதால் நாங்கள் முகம் சுளித்தாலே அது இரு நாட்டுப் பிரச்சினைதான். அப்படித்தான் தவமணி அக்காவின் கேற் வழக்கு வந்தது.

தவமணி அக்கா என் கடைக்குப் பின் ஒழுங்கையில் வயலும் மாடுமாக இருப்பவர். அவருடைய ஒரே தம்பி சிவம் சுவிசில். லீவில் வந்த சிவம், அக்காவின் வாசலுக்கு இரண்டு மயில் வைத்த பெரிய இரும்புக் கேற் ஒன்றைச் செய்து பூட்டிவிட்டுப் போனார். மயில்கள் தோகையை விரித்துக்கொண்டு நின்ற அழகில் நெல்லு வெட்டும் மெசின் வாசலால் வயலுக்குப் போக வழியில்லாமல் போய்விட்டது. அறுவடைக்கு அக்கா கேற்றைக் கழற்றினார். கழற்றியதை வீணாக்குவானேன் என்று மாட்டுக் கொட்டிலுக்குப் பூட்டினார். அடுத்த கிழமை வீடியோக் கோலில் சிவம் கண்டது, தன்னுடைய மயில்களுக்கு நடுவே தலையை நீட்டி அசைபோட்டுக்கொண்டு நின்ற சிவலைப் பசுவை.

அன்றோடு கதை பேச்சில்லை. மூன்று வருடம்.

இப்போது அக்காவின் மகள் துசிக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. சின்ன வயதில் தோளில் தூக்கித் திரிந்த மாமாவை அவள் விடுவதாக இல்லை. "மாமா வராட்டி நான் மணவறையில இருக்கமாட்டன். மாப்பிள்ளைக்கும் சொல்லிப்போட்டன்" என்றாள். மாப்பிள்ளை பாவம், எல்லாவற்றுக்கும் ஓம் என்கிற பிள்ளை. இதற்கும் ஓம் என்றுவிட்டார். அக்கா சமைக்காமல் படுத்துவிட்டார். வேறு வழியில்லாமல்தான் துசி சர்வதேசத்திடம் போனாள்.

அவர் கண்ணாடியை மூன்றுதரம் துடைத்தார். கண்ணும் கொஞ்சம் ஈரம். அசலான ஒரு சர்வதேச வழக்கு கிடைத்துவிட்டது.

"தலைவர் நான். உறுப்பினர் இது" என்று போனைக் காட்டினார். "பதிவாளர் நீர்."

"எனக்குக் கடையில வேலை கிடக்குது."

"பதிவாளர் மறுக்க ஏலாது. விதி."

முதல் சிக்கல் தேத்தண்ணியில் வந்தது. மனைவி காலமானபிறகு சர்வதேசம் பின்னேரத் தேத்தண்ணி குடிப்பது தவமணி அக்கா வீட்டில்தான். இஞ்சி தட்டிப்போட்ட அந்தத் தேத்தண்ணிக்காக ஒழுங்கை முனையிலேயே செருமத் தொடங்குவார். ஆனால் நடுவர் என்பவர் தனக்கும் தரப்பினருக்கும் உள்ள தொடர்புகளை வெளியே சொல்லவேண்டும் என்று போன் சொல்லியிருந்தது. அவர் இரு தரப்புக்கும் குரல் பதிவு அனுப்பினார். வாதியின் வீட்டில் கணக்கில்லாமல் தேத்தண்ணி குடித்திருக்கிறேன், தைப்பொங்கலுக்குப் புக்கை தின்றிருக்கிறேன், பிணக்கில் சம்பந்தப்பட்ட பசுவின் பாலையும் குடித்திருக்கிறேன், இன்றிலிருந்து தீர்ப்பு நாள்வரை ஒரு சொட்டும் தொடமாட்டேன்.

சுவிசிலிருந்து பதில் வந்தது: "உந்த ஊரில அவான்ர தேத்தண்ணி குடியாத ஆள் ஆர் இருக்கினம்? நடத்துங்கோ."

தவமணி அக்காதான் கொதித்துப்போனார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுத் தேத்தண்ணியை வேண்டாம் என்பது படை திரட்டுவதற்குச் சமம். "மூண்டு வரியமா வாயில வைச்சுக் குடிச்ச மனிசன்! இப்ப என்ன, என்ர தேத்தண்ணிக்கை நஞ்சே கிடக்குது?" ஒரு வழக்கு இரண்டாகிவிட்டது. சர்வதேசம் பின்னேரங்களில் என் கடையில் இருந்து வெறும் தண்ணீர் குடித்து, ஒழுங்கைப் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

அடுத்து இரு தரப்பும் தங்கள் நியாயத்தை எழுதி அனுப்பவேண்டும். அக்காவுக்காக மாப்பிள்ளையும் சிவத்துக்காக அவருடைய மகனும் எழுதினார்கள். எழுதினார்கள் என்றால், ஆளாளுக்குத் தங்கள் மிசினிடம் கேட்டார்கள். வந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தோம். இரண்டும் ஒரே வசனத்தில் தொடங்கின. இரண்டும் மயில்களைப் பண்பாட்டுப் பெறுமதி உள்ளவை என்றன. வெளிநாட்டில் இரண்டு சகோதரருக்கு இடையே நடந்த ஒரு கேற் வழக்கை இரண்டுமே ஆதாரம் காட்டின. மாப்பிள்ளையின் கடதாசியில் அந்த வழக்கை அக்கா வென்றிருந்தார். சிவத்தின் மகனுடைய கடதாசியில் தம்பி வென்றிருந்தார்.

சர்வதேசம் தன் போனிடம் விசாரித்தார். அது உடனே, மன்னிக்கவேண்டும், அப்படி ஒரு வழக்கு இருப்பதாகத் தெரியவில்லை, இட்டுக்கட்டியதாக இருக்கலாம் என்றது.

அவர் அசந்துபோனார். "பாத்தீரே தம்பி! பொய்யும் சொல்லுது, கேட்ட உடன ஒத்தும்கொள்ளுது. எங்கட ஆக்களில இப்பிடி ஒருத்தரைக் காட்டும் பாப்பம்?"

விசாரணை ஒரு ஞாயிறு காலை என் கடையில், கதவைச் சாத்திக்கொண்டு. சர்வதேசம் கோட்டுப் போட்டிருந்தார். சிவமும் கோட்டும் டையுமாகக் கடைக் கம்பியூட்டர் திரையில் வந்தார். இடுப்புக்குக் கீழே வெறும் சாரம்தான் கட்டியிருந்தார் என்பது அவர் தண்ணி எடுக்க எழும்பியபோது தெரிந்தது.

கதை பேச்சில்லாதவர்கள் எங்கள் ஊரில் ஒரே கூரைக்குள் இருந்தாலும் மூன்றாம் ஆளிடம் சொல்வதுபோலத்தான் சொல்லுவார்கள். ஆள் இல்லாவிட்டால் நாயிடம் சொல்லுவார்கள். அன்றைக்கு மிசின் அகப்பட்டது. அக்கா திரைக்கு முதுகைக் காட்டி இருந்துகொண்டு மேசையில் கிடந்த போனைப் பார்த்தார்.

"தம்பி மிசின், வெட்டுற மெசின் உள்ள வராட்டி நெல்லை ஆர் வெட்டுறது எண்டு அந்தாளிட்டக் கேள்."

சிவம் முகட்டைப் பார்த்தார். "கேற் வேண்டாமெண்டா ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெண்டு அவாவிட்டச் சொல்லுங்கோ, மிசின்."

போன், இரு தரப்பினரின் உணர்வுகளும் புரிந்துகொள்ளத்தக்கவை என்றது. ஒரு மணித்தியாலம் இப்படியே போனது. யார் என்ன சொன்னாலும் அது புரிந்துகொண்டது. அதற்குப் புரியப் புரிய இவர்களுக்குக் கோபம் ஏறியது. வாசலில் நின்ற துசி அழத் தொடங்கிவிட்டாள்.

சர்வதேசம் எழும்பினார். "தீர்ப்பாயம் ஆலோசனைக்குப் போகுது. விதிப்படி உறுப்பினரும் பதிவாளரும் வெளியில வரவேணும். தரப்பினர் உள்ளயே இருக்கவேணும்." போனைச் சட்டைப்பையில் போட்டு, என்னைக் கையில் பிடித்து வெளியே இழுத்து, கதவைச் சாத்தினார். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய்ப் போனோடு கதைக்கத் தொடங்கினார்.

நானும் துசியும் கதவோரம் நின்றோம். உள்ளே கனநேரம் சத்தமே இல்லை. சொல்லிவிட ஒரு நாய்கூட இல்லை. பிறகு திரையில் சிவம் இருமினார். நீளமான, வறட்டு இருமல்.

"உதென்ன இருமல்?" அக்கா யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

"குளிர்."

"மருந்து எடுத்தியே?"

"எடுத்தனான்... மருந்துக்குக் கேக்குதில்லை அக்கா."

"சளி இறங்கேல்லை. கொத்தமல்லி அவிச்சுக் குடி எண்டு எத்தினை தரம் சொன்னனான். சொல்லுக் கேட்டாத்தானே!" அக்காவின் குரல் உடைந்தது. துசி என் தோளை நெரித்த நெரிப்பில் இப்போதும் வலிக்கிறது.

சர்வதேசம் தீர்ப்போடு திரும்பிவந்தபோது அவர்கள் கலியாணத்துக்குப் பலகாரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் விடவில்லை. தீர்ப்பு வாசிக்காமல் வழக்கு முடியாதாம். கேற்றை நடுவால் அறுத்து, ஒரு மயிலை வாசலுக்கும் ஒரு மயிலை மாட்டுக்கும் கொடுக்கவேண்டும் என்று கணீரென்று வாசித்தார்.

சிவம் அக்காவை நேரே பார்த்தார். "அக்கா, உந்தாளுக்கு விசரே?"

"ஓமடா தம்பி. பாவம், எத்தினை நாளாத் தேத்தண்ணி இல்லை. அதுதான்."

மூன்று வருடத்துக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன முதல் விசயம் அது. அன்றைக்கு அவர் அக்கா வீட்டில் கோப்பைக்கு மேல் கோப்பையாகக் குடித்தார். கலியாணத்துக்கு வந்த சிவம் மாட்டுக் கொட்டிலுக்கு முன்னால், மாலை போட்ட மயில்களோடும் பசுவோடும் நின்று படம் எடுத்தார். கேற் இன்றும் அங்கேதான்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் கிடந்தது. பிறகொருநாள் மிசினிடம் கேட்டேன். ஆலோசனைக்குப் போகும்போது பதிவாளரையும் இழுத்துக்கொண்டு போய், தரப்பினரைத் தனியே விட்டுக் கதவைச் சாத்தவேண்டும் என்று ஏதாவது விதி உண்டா? அப்படி ஒரு விதி தனக்குத் தெரியவில்லை என்றது அது.

சர்வதேசத்திடமே போய்க் கேட்டேன். "உந்த விதியை நீங்கள் இட்டுக்கட்டினீங்கள், என்ன?"

அவர் கண்ணாடியைக் கழற்றி ஆறுதலாகத் துடைத்தார். "உது சர்வதேச மட்டத்தில இருக்கிற விதி, தம்பி. உமக்கும் விளங்காது, மிசினுக்கும் விளங்காது." சொல்லிவிட்டு ஒழுங்கைப் பக்கம் நடந்தார். முனையில் போய்ச் செருமுவது கேட்டது.

மிசின் என்றால் கேட்ட உடனே ஒத்துக்கொண்டிருக்கும். இந்த மனிதர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அவரை எனக்கு இவ்வளவு பிடிக்கிறது.