ஆறு சிலிண்டரும் ஒரு விரிசலும்

மாயவனின் லாரி ஏரிக்கரை வளைவில் திரும்பும் சத்தம் கேட்டதும், கலைமதி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த புளியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

உள் அறைக் கட்டிலில் படுத்திருந்த அவள் புருஷன் குப்புராஜ் ஒரு கண்ணைத் திறந்தான். அன்று அவனுடைய லாரி கிளட்ச் போய் ஷெட்டில் கிடந்தது. மத்தியானமே பஸ் பிடித்து வந்து, பின்வாசல் வழியாக நுழைந்து, படுத்தவுடன் தூங்கிப்போனவன் அவன். காட்டு வேலை முடிந்து வந்த கலைமதிக்கு அவன் வீட்டில் இருப்பதே தெரியாது.

அவள் தொட்டியடியில் முகம் கழுவும்போதே மாயவனின் லாரி கும்கும்மென்று வாசலைத் தாண்டி மேலத் தெருவுக்குப் போய்விட்டது. அவள் விடவில்லை. அடுப்பில் பாலை வைத்தாள். தலையை வாரினாள். இலையில் சுருட்டி வைத்திருந்த கனகாம்பரத்தை எடுத்து வைத்துக்கொண்டு வாசல் கேட்டருகே போய் நின்றாள். எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பது படுத்தபடி ஜன்னல் வழியே தெரியவில்லை. எழுந்துபோய்ப் பார்க்கலாம் என்று குப்புராஜுக்குத் தோன்றவும் இல்லை. வயிறு எரிகிறவனுக்கு அதெல்லாம் தோன்றாது.

போய்விட்ட வண்டிக்கே இத்தனை அலங்காரமா என்று நினைத்துக்கொண்டு அவன் கனைத்தான்.

கலைமதி திடுக்கிட்டுத் திரும்பினாள். "நீங்க எப்ப வந்தீங்க?"

"நான் வந்தா உனக்கு எங்க தெரியுது."

"எப்படித் தெரியுங்க? உங்க வண்டி வாசல்ல வந்து நின்னாக்கூடச் சத்தம் இருக்கறதில்ல. மாயவன் அண்ணன் வண்டி பாருங்க, ஏரிக்கரை திரும்பறப்பவே வூட்டுக்குள்ள கேக்குது."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போனாள். அந்த வெட்கத்தைக் குப்புராஜ் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டான்.

இரண்டு லாரியும் ஒரே மாதிரி ஆறு சிலிண்டர் வண்டிகள். இரண்டும் காலையில் கம்பைநல்லூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு, சேலம் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரியில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்பும். மாயவன்தான் எப்போதும் முந்தி வருவான். தொப்பூர்க் கணவாய் ஏறியதும் குப்புராஜ் வண்டியை ஓரம் கட்டி, முனியப்பனுக்குச் சூடம் ஏற்றி, ஒரு டீ குடித்துவிட்டுத்தான் கிளம்புவான். மாயவன் அந்தக் கும்பிடைக் காலையிலேயே முடித்துவிடுவான். அதில் கால் மணி நேரம் வித்தியாசம். இத்தனை வருஷம் அது குப்புராஜை உறுத்தியதில்லை. தன் வண்டி பூனை மாதிரி வரும் என்று டீக்கடையில் பெருமை வேறு பேசியிருக்கிறான்.

கலைமதியை அவன் சந்தேகப்படவில்லை. மாயவனையும் சந்தேகிக்க முடியாது. ரோட்டைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காத மனுஷன். பொறாமையெல்லாம் அந்தச் சத்தத்தின் மேல்தான். கட்டிய பெண்டாட்டி இன்னொருவன் வண்டிச் சத்தத்துக்குப் பூ வைக்கிறாள் என்றால், தன் வண்டிக்கு இன்ஜின் எதற்கு, ஆறு சிலிண்டர் எதற்கு?

மறுநாளே அரூர் ரோட்டில் இருக்கும் மாதப்பன் ஷெட்டில் போய் நின்றான்.

"சத்தம் வேணும் மாதப்பா."

மாதப்பன் கையைத் துடைத்துக்கொண்டான். "எல்லாரும் சத்தத்தக் கொறைக்கத்தாண்ணா வருவாங்க. என்ன மாதிரிச் சத்தம்?"

"கேட்டா வூட்டுல இருக்கறவங்க எந்திரிச்சு வெளிய வரணும்."

"ஆறு சிலிண்டரு வரிசையா நிக்குதுண்ணா. மூணு மூணாப் பிரிச்சு ரெண்டு பைப்பு விட்டா ஒரு சத்தம். எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துக் கேபினுக்குப் பின்னால மேல பாத்து விட்டா ஒரு சத்தம். எது வேணும்?"

இரண்டு என்பது ஒன்றைவிடப் பெரியது என்ற கணக்கில் குப்புராஜ் இரட்டைப் பைப்பைத் தேர்ந்தெடுத்தான். ஷெட்டில் அதற்கேற்ற அகலத்தில் பைப் இல்லை. காத்திருக்கப் பொறுமை குப்புராஜிடம் இல்லை. இருந்த ஒல்லிப் பைப்பையே மாட்டச் சொன்னான்.

அடுத்த நாள் சேலத்திலிருந்து திரும்பும்போது காலி வண்டிக்கே கணவாய் ஏற்றத்தில் மூச்சு முட்டியது. ஊர் வந்து சேர அரை மணி நேரம் தாமதம். அடுத்த வீட்டுத் தீர்த்தம்மாள் எருமையைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "ஏம்ப்பா குப்பு, உன் பின்னால ரெண்டு மொபெட்டு வந்துச்சே, எங்க போச்சு?"

கலைமதி பூ வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றாள். யாருக்கு வைத்த பூவோ என்று நினைத்துக்கொண்டே அவன் இறங்கினான்.

"காப்பி ஆறிப் போச்சுங்க" என்று டம்ளரை நீட்டினாள்.

"எப்பப் போட்ட காப்பி?"

"மாயவன் அண்ணன் வண்டி போனப்பவே போட்டனுங்க."

குப்புராஜ் அந்தக் காப்பியைக் குடிக்கவில்லை. டம்ளரை வாசல் திண்டின் மேல் வைத்துவிட்டு நேராக ஷெட்டுக்குப் போன் போட்டான்.

"ரெண்டையும் கழட்டிரு. மேல பாத்து விடு. சைலன்சரே வேண்டாம்."

"சைலன்சர் இல்லாம ஓட்டக் கூடாதுண்ணா."

"நீ மாட்டு. நான் பாத்துக்கறேன்."

கேபினுக்குப் பின்னால் ஆளுயரக் குழாய் எழுந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. குப்புராஜுக்கு மனம் நிறைந்தது. அந்த நிறைவு ஏரிக்கரை வரைக்கும்தான். தெருவுக்குள் நுழைந்ததும் தீர்த்தம்மாளின் எருமை பால் செம்பை உதைத்துவிட்டுக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. குழாய் கக்கிய கரி, கலைமதி மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த வடகத்தின் மேல் இறங்கியது. கலைமதி கேட்டருகே நின்றுகொண்டுதான் இருந்தாள். ஆனால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்குதா?" என்று கேட்டான்.

"என்னாங்க?" என்றாள்.

"சத்தம் எப்படி?"

"கேக்கலீங்க, சத்தமாப் பேசுங்க."

மறுநாள் பேக்டரி மேனேஜர் அவனைக் கூப்பிட்டுவிட்டார். "இந்தச் சத்தத்தோட இனிமே உள்ள வராதீங்க குப்புராஜ். எட மேடையில ஆளு பயந்து விழுந்துட்டான். ரெண்டு நாள் டைம் தர்றேன். இல்லன்னா உங்க லோடையும் மாயவனுக்கே குடுத்துருவேன்."

வீட்டில் காப்பியும் மாயவனுக்கு, பேக்டரியில் லோடும் மாயவனுக்கு. குப்புராஜின் பொறாமை இப்போது தொண்டை வரை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு மாதப்பன் முன்னால் உட்கார்ந்தான்.

"மாயவன் வண்டிக்கு நீதான் வேலை பாக்கற. அவன் என்ன செட்டு மாட்டியிருக்கான்னு மறைக்காம சொல்லு. அதையே எனக்கும் மாட்டு."

மாதப்பன் சிரிப்பை அடக்கிப் பார்த்தான்; முடியவில்லை. "அவரு ஒண்ணும் மாட்டலண்ணா. சைலன்சருக்கு முன்னால பைப்புல ஒரு விரலு நீளத்துக்கு விரிசல், பல வருசமா இருக்குது. அந்தச் சத்தம் தாங்காமதான் நாளைக்கு வெல்டு வெக்க வண்டிய விடறேன்னிருக்காரு."

குப்புராஜ் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ஒரு விரிசலுக்கா கனகாம்பரம் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பிறகு நிமிர்ந்தான்.

"என் வண்டியிலயும் அதே எடத்துல, அதே நீளத்துக்கு வெட்டு."

"முப்பது வருசமா விரிசல அடைச்ச கைண்ணா இது. நல்ல பைப்ப வெட்டச் சொல்றீங்களே."

"அடைக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் வெட்டவும் தெரியும். ஒரே ஒரு தடவ, என் வூட்டு வாசல்ல அந்தச் சத்தத்துல போய் நிக்கணும். நாளானைக்கு நீயே அடைச்சுரு."

மாதப்பன் ஷெட்டுச் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ரம்பத்தை எடுத்தான். பழைய பைப்பை மாட்டி, அளந்து வெட்டி, ஸ்டார்ட் செய்தார்கள். அதே கும்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மாயவனே ஏமாந்துபோவான்.

அடுத்த நாள் மாயவனின் லாரி ஷெட்டில் நின்றது. ரோட்டில் குப்புராஜ் ஒருவன்தான். பேக்டரியில் மேனேஜர் முகம் சுளித்தாலும் உள்ளே விட்டார். கணவாய் மேட்டில் வழக்கம்போல நிறுத்தி, முனியப்பனுக்கு வழக்கமான ஒரு கட்டிக்குப் பதிலாக மூன்று கட்டிச் சூடம் ஏற்றினான்.

ஏரிக்கரை வளைவு வந்தது. மாயவன் எப்படி மிதிப்பானோ அப்படி மிதித்தான். சத்தம் தண்ணீரில் பட்டு ஊருக்குள் போனது. இப்போது எழுந்திருப்பாள் என்று நினைத்தபோது அவன் நெஞ்சும் கும்கும்மென்றது. ஒரே நிமிஷத்தில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

கேட்டருகே யாரும் இல்லை.

குப்புராஜ் குதித்து இறங்கி உள்ளே ஓடினான். கலைமதி தொட்டியடியில் முகமெல்லாம் சோப்பு நுரையும் அவிழ்ந்த தலையுமாக நின்றிருந்தாள். கனகாம்பரம் இன்னும் இலைக்குள்தான் இருந்தது. அடுப்பில் பால் இல்லை. அவனைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. அவனைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"மாயவன் அண்ணன் வண்டிதான வந்துச்சு?" என்றாள்.

அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. "அவன் வரல. நான்தான் வந்தேன். அவனத்தான எதிர்பாத்த? மூஞ்சியே சுருங்கிப் போச்சே உனக்கு. அந்த ஓட்டப் பைப்பு சத்தத்துக்கு என் வண்டியையே ஓட்ட பண்ணிட்டு வந்து நிக்கறேன், எனக்கு ஒரு பூ இல்ல, ஒரு வாய் காப்பி இல்ல."

கலைமதி சோப்பு எரிகிற கண்ணை மூடிக்கொண்டாள். வாயைத் திறந்தாள், வெட்கம் முந்திக்கொண்டது.

மதிலுக்கு அந்தப் பக்கம் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த தீர்த்தம்மாள்தான் நிமிர்ந்தாள்.

"ஏம்ப்பா குப்பு, அவன் வண்டி போனா கால் மணி நேரத்துல நீ வந்துருவேன்னுதான் இத்தன வருசமா உம் பொண்டாட்டி எந்திரிச்சு மூஞ்சி கழுவுது, இப்ப அந்தச் சத்தத்துலயே நீ வந்து நின்னா, அது எப்பப்பா உனக்குப் பூ வெக்கறது?"