மேலதிகாரி முகம் துடைத்த துண்டு

பொதுமக்களின் சுகாதாரத்தைக் காப்பதற்கென்றே அமைந்த எங்கள் அலுவலகத்தில், கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு துண்டு தொங்கும். மதியம் சாப்பிட்டதும் முதலில் மேலதிகாரி முகம் துடைப்பார். பிறகு துணை அதிகாரி, கண்காணிப்பாளர், குமாஸ்தாவாகிய நான் என்று பதவி வாரியாக அது கீழே இறங்கும். கடைசியில் தட்டச்சர் அம்மாவிடம் வரும்போது பிழிந்தால் ஒரு செம்புத் தண்ணீர் தேறும்.

ஒரு நாள் மேலதிகாரியின் மூக்கோரத்தில் புண் ஒன்று தென்பட்டது. அதன்மேல் தேன் நிறத்தில் பொருக்கு.

"சார், ஒட்டுற புண்ணு மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார் தட்டச்சர்.

துணை அதிகாரி பதறினார். "என்னம்மா பேசறீங்க? ஐயாவை ஒட்டுற அளவுக்கு யாரு பக்கத்துல போக முடியும்?"

வேலைப்பளுவால் தோன்றிய கொப்புளம் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. வார முடிவுக்குள் துணை அதிகாரியின் தாடையிலும் கண்காணிப்பாளரின் உதட்டோரத்திலும் வேலைப்பளு தோன்றியது. எனக்கோ ஒன்றும் வரவில்லை. உழைப்பு போதாது என்று நினைத்துவிடுவார்களோ என்று உள்ளூர உதறல்.

தட்டச்சர் வீட்டிலிருந்து தனித் துண்டு கொண்டுவந்தார். உடனே விசாரணை.

"வீட்டுல கைக்குழந்தை இருக்கான் சார். அவனுக்கு ஒட்டிக்கிட்டா தாங்க மாட்டான்."

"அலுவலக ஒற்றுமைக்குக் குந்தகம் விளைவித்தமையால், அலுவலகத் துண்டைத் தொடும் உரிமை தங்களிடமிருந்து நிரந்தரமாகப் பறிக்கப்படுகிறது" என்று தீர்ப்பளித்தார் மேலதிகாரி.

"ரொம்பக் கடுமையா இருக்கே சார்" என்று தட்டச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தோம்.

மேலதிகாரியின் புண் காதுவரை பரவிய பிறகு டாக்டர் அழைக்கப்பட்டார்.

"சோப்புப் போட்டுக் கழுவி, பொருக்கு ஊறினதும் மெதுவா எடுத்துட்டு, இந்தக் களிம்பைத் தடவுங்க. சொறியாம மூடி வைங்க. முக்கியமா, ஆளுக்கொரு துண்டு!"

"அது அந்தம்மாவுக்குக் கொடுத்த தண்டனையாச்சே டாக்டர்!" என்றார் மேலதிகாரி.

"எல்லாருக்கும் அதையே கொடுங்க."

மறுநாளே ஆளுக்கொரு புதுத் துண்டு வந்தது. பதவி வாரியாக வரிசையில் நின்றோம்.

"ஐயா கையால ஆரம்பிச்சு வெச்சா நல்லா இருக்கும்" என்று துண்டை நீட்டினார் துணை அதிகாரி. மேலதிகாரி பெரிய மனது பண்ணி, எல்லாத் துண்டிலும் முகம் துடைத்துக் கொடுத்தார். தண்டனை பெற்றவர் என்பதால் தட்டச்சரின் துண்டுக்கு மட்டும் அந்தப் பாக்கியம் மறுக்கப்பட்டது.

அடுத்த வாரம், மூக்கோரத்தைச் சொறிந்தபடி தட்டச்சர் மேசைப் பக்கம் போனேன்.

"குழந்தை எப்படிம்மா இருக்கான்?"

"கொழுகொழுன்னு இருக்கான் சார். நீங்க கொஞ்சம் தள்ளி நின்னே கேளுங்க."