பூட்டிய ஓட்டலில் பஸ் பத்து நிமிடம் நிற்கும்

சேசு மரி சூசை துணை

பாப்பிரெட்டிப்பட்டி,
8-9-1986

சென்னைக் கோட்டையில் உத்தியோகம் பார்க்கும் அன்பு மைத்துனர் சவரி அவர்களுக்கு, அக்காள் புருஷன் யாகப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்காள் மதலேனம்மாளும் மாதாவின் தயவால் சுகம். மழை இல்லை. அங்கு தாங்களும் தங்கள் குடும்பமும் தங்கள் ஃபைல்களும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். அரைக்கால் சட்டையில் நம்மைப் பார்த்த மனிதர் 'தாங்கள்' என்று எழுதுகிறாரே எனத் திகைக்க வேண்டாம். இது குடும்பக் கடிதம் அல்ல. ஒரு தொழிலின் சார்பாக அரசாங்கத்துக்கு எழுதப்படுவது. எனக்குத் தெரிந்த அரசாங்கம் தாங்கள் ஒருவர்தான்.

சேலத்திலிருந்து மஞ்சவாடிக் கணவாய் ஏறி இறங்கி, அரூர் வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ்கள் நம் ஊரில் பத்து நிமிடம் நிற்பது வழக்கம். கணவாய் வளைவுகளில் வயிற்றில் இருந்ததை இழந்தவர்கள், கீழே வந்ததும் எதையாவது போட்டு நிரப்பிக்கொள்ள விரும்புவார்கள். அந்த நிலைமையில் இருப்பவர் ருசி பார்ப்பதில்லை. நம் ஊர் ஓட்டல் தொழில் இந்த அடிப்படையில்தான் வளர்ந்தது. சித்திரையில் ஓர் உத்தரவு வந்தது. அங்கீகாரம் பெற்ற ஓட்டல் முன்னால் மட்டுமே பஸ் நிற்கலாமாம். அங்கீகாரம் பெற்றது ஊருக்கு வெளியே புளியமரங்களுக்கு நடுவில் புதிதாகக் கட்டிய ஒரு மோட்டல். மறுநாளிலிருந்து பஸ்கள் என் கடை வாசலில் ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போயின. அது துக்கம் விசாரிப்பது போல் இருந்தது. ஊற்றிய இட்லி மிஞ்சியது. மிஞ்சியதை நாங்களே சாப்பிட்டோம். மூன்று வேளையும் சொந்த ஓட்டலில் சாப்பிட்டபோதுதான் இத்தனை வருஷ வாடிக்கையாளர்களின் பொறுமை எனக்கு விளங்கியது. மதலேனம்மாள், "இப்பிடியே போனா கடையச் சாத்திப்போட்டு மெட்ராசுல தம்பி வூட்டுக்குப் போயிரலாமுங்க, அவன் ஒருத்தனாவது சோறு போடுவான்" என்றாள். விஷயம் தங்களையும் பாதிக்கக் கூடியது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

உடனே சங்கம் அமைத்தோம். சாப்பாட்டுக் கடை மாதப்பன் தலைவர், தோசைக் கடை கிருஷ்ணப்பன் பொருளாளர், காபிக் கடை யாகப்பனாகிய நான் செயலாளர். உறுப்பினர்கள் இல்லை, ஊரில் இருப்பதே மூன்று ஓட்டல். சங்கக் கூட்டம் தையல்காரர் கடையில் நடந்தது. யாருடைய ஓட்டலிலும் நடத்த முடியாது. நம் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஓட்டல்காரன் இன்னொரு ஓட்டலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். குடித்தால், "இவன் கடைத் தண்ணியில என்னமோ இருக்குது" என்று ஊர் அன்றைக்கே முடிவு கட்டிவிடும். ஆகவே தமிழ்நாட்டில் டீ இல்லாமல் கூட்டம் நடத்துகிற ஒரே சங்கம் ஓட்டல்காரர் சங்கமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் தீர்மானம் உறுதியானது. தொழிலைக் காப்பாற்றாமல் ஓய்வதில்லை என்று எழுதி மூவரும் கையெழுத்திட்டோம்.

தர்மபுரிக்குப் போய் ஓர் அதிகாரியைப் பார்த்தோம். நல்ல மனிதர். நாங்கள் பேசப் பேசத் தலையாட்டிக் கேட்டார். தொழிலாளர் நிலைமை, பால் விலை, பயணிகளின் பசி, ஜனநாயகம் எல்லாவற்றையும் மாதப்பன் விளக்கினார். பிறகு அதிகாரி கேட்டார்:

"ஏங்க, ஒரு பஸ் ஒரே ஊர்ல மூணு எடத்துல நிக்குமா?"

"நிக்காதுங்க."

"அப்ப ஒரே ஒரு ஓட்டல் பேரச் சொல்லுங்க. உங்க ஊர்ல எது நல்ல ஓட்டலுன்னு மூணு பேரும் ஒருமனதா எழுதிக் குடுங்க. அதுக்கு முன்னால நிறுத்திடறேன். அங்க வந்து தின்னு பாக்க எனக்கு நேரமில்ல. உங்களுக்குத் தெரியாததா?"

இத்தனை சுலபமாக ஒரு தொழிலை அழிக்க முடியும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மூவரும் மூன்று சீட்டில் உட்கார்ந்தோம்.

தின்று பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று கட்டுப்பாட்டை ஒரு நாளுக்குத் தளர்த்தினோம். சங்கமே ஒவ்வொரு ஓட்டலாகப் போனது. முதலில் என் கடை. இரண்டாம் தடவை இறக்காத, முதல் டிகாக்ஷன் காபி கொடுத்தேன். அந்தக் கடையில் அப்படி ஒரு காபி கிடைக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரியும். மாதப்பன் முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"எப்பிடிங்க இருக்குது?"

"சூடா இருக்குதுங்க."

"நல்லாருக்குதுங்களா?"

"அதான் சூடா இருக்குதுன்னு சொல்றனுங்களே!"

கிருஷ்ணப்பன் கடையில் தோசை. வட்டமாக இருப்பதாக நான் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல மனம் வரவில்லை. மாதப்பன் கடைச் சாப்பாட்டில் கிருஷ்ணப்பன் மூன்று தடவை சோறு வாங்கினார். ஏப்பமும் விட்டார். அபிப்பிராயம் கேட்டதற்கு, "எலை நல்ல எலைங்க. எந்தத் தோட்டத்துல வாங்கறீங்க?" என்றார்.

மாதப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு வாட்டி சோறு வாங்கினவரு வாயில ஒரு நல்ல வார்த்த வராதுங்களா? உங்க தோசையத் தின்னாத்தான் தெரியும், கல்லுல இருந்து எடுத்ததா, கல்லையே எடுத்ததான்னு!"

"சும்னிரி!" என்றார் கிருஷ்ணப்பன். அவர் வீட்டில் கன்னடம். வாயை மூடு என்பதற்கு அது மரியாதையான சொல். அவ்வளவு கோபத்திலும் மரியாதையை விடாதவர்.

"என்னங்க சும்னிரி? கரீம் பாய் கடையில தின்னவன் எவனாச்சும் உங்க கடையில கை நனைப்பானா?"

"உங்க கடையில மட்டும் நனைச்சானாக்கும்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் கடையிலும் நனைத்ததில்லை என்று நான் ஒப்புக்கொண்டேன். சங்கம் தொடங்கிய பிறகு மூவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

கரீம் பாயைத் தங்களுக்குத் தெரியும். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே புரோட்டாக் கடை வைத்திருந்தவர். அவர் உயிரோடிருந்தபோது அந்தக் குருமாவைப் பற்றி நாங்கள் மூவரும் பரப்பாத செய்தி இல்லை. இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. மகன் காஜா பெங்களூருக்குப் போய்விட்டார். கடை அன்று பூட்டியது பூட்டியபடி கிடக்கிறது. இப்போது யோசித்துப் பார்த்தால், அப்படி ஒரு குருமாவை இந்த ஜில்லாவில் யாரும் செய்ததில்லை. செத்தவரைப் பாராட்டுவதில் தொழிலுக்கு நஷ்டமும் இல்லை. 'பாப்பிரெட்டிப்பட்டியில் எங்களுக்குத் தெரிந்த சிறந்த ஓட்டல் கரீம் ஓட்டல்' என்று எழுதி, ஒருமனதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். இதில் பொய் எதுவும் இல்லை. அதிகாரி நல்ல ஓட்டலைக் கேட்டாரே தவிர, திறந்த ஓட்டலைக் கேட்கவில்லை. "ஓட்டல்காரங்க இன்னொரு ஓட்டல நல்லதுன்னு எழுதி இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று அவர் நெகிழ்ந்துபோனார். ஆடியில் உத்தரவு வந்தது.

அது முதல் பஸ் கரீம் ஓட்டல் வாசலில் நிற்கிறது. "பத்து நிமிசம்! சாப்படறவங்க எல்லாம் சாப்ட்டுக்கலாம்!" என்று கண்டக்டர் கத்துகிறார். பயணிகள் இறங்கிப் பூட்டைப் பார்க்கிறார்கள். சிலர் இழுத்தும் பார்க்கிறார்கள். "ஏங்க, இதானுங்களா ஓட்டலு?" என்றால், "கவருமெண்டு ஆர்டருல இதாங்க ஓட்டலு. பசிச்சா அக்கம்பக்கம் பாருங்க" என்கிறார் கண்டக்டர். உடனே கூட்டம் மூன்றாகப் பிரிந்து மூன்று கடைக்கும் வருகிறது. பாரபட்சம் இல்லாத ஓர் அரசாங்க உத்தரவை என் வாழ்நாளில் பார்த்துவிட்டேன். நன்றி மறக்கக் கூடாது என்று அந்தப் பூட்டிய கடைக்கு நாங்களே சுண்ணாம்பு அடித்து, போர்டுக்கு வண்ணம் தீட்டி, தினமும் வாசல் தெளிக்கிறோம். சங்கம் இவ்வளவு ஒற்றுமையாக வேறு எந்த ஓட்டலையும் நடத்தியிருக்க முடியாது.

இப்படி நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது, சென்ற வாரம் ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டர் அந்த பஸ்ஸில் வந்தார். டீ கேட்டுக் கதவைத் தட்டினார். நெடுநேரம் தட்டினார் என்கிறார்கள். கடைசியில், அங்கீகாரம் பெற்ற ஓட்டல் பூட்டிக் கிடக்கிறது, உத்தரவை ரத்து செய்து பஸ்ஸை மோட்டலுக்கே திருப்ப வேண்டும் என்று எழுதிவிட்டார். அந்த ஃபைல் தங்கள் பிரிவுக்குத்தான் வருகிறதாம். தாங்கள் அதை உறுதியோடு எதிர்க்க வேண்டும். ஓட்டல் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவில் எங்கே இருக்கிறது? பூட்டிய ஓட்டலில் இதுவரை ஒரு புகார் உண்டா? சாப்பிட்டு வயிறு கெட்டவர் உண்டா? சுத்தத்தில் அதற்கு இணையான ஓட்டல் ராஜ்யத்திலேயே கிடையாது. நாங்கள் பின்வாங்குவதாக இல்லை. தேவைப்பட்டால் பஸ் முன்னால் மூவரும் படுப்போம். தலைவர் முதலில் படுப்பதுதான் முறை என்று செயலாளர் என்ற வகையில் நான் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன். அந்த இன்ஸ்பெக்டர் ஒரு டீக்காக ஒரு தொழிலையே அழிக்கப் பார்க்கிறவர். அவர் எழுதியதில் ஒரு வார்த்தையையும் நம்ப வேண்டாம். உத்தரவு நின்றால் நாங்கள் இங்கேயே பிழைத்துக்கொள்வோம். நிற்காவிட்டால் எந்த பஸ் ஏறி எங்கே வருவோம் என்பது தங்களுக்குத் தெரியும்.

தங்கள் மனைவி மக்களுக்கு எங்கள் ஆசீர். வேளாவேளைக்கு வீட்டிலேயே சாப்பிட வேண்டும் என்றும், ஓட்டலில் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் தங்கள் அக்காள் எழுதச் சொன்னாள். ஆரோக்கிய மாதா தங்களையும் தங்கள் பிரிவையும் காப்பாளாக.

இப்படிக்கு,
ம. யாகப்பன்,
செயலாளர், ஓட்டல்காரர் சங்கம்.

பி.கு.: சவரி, மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. உறையை ஒட்டப் போகும் நேரத்தில் காஜா வந்து நிற்கிறான். பின்னால் ஒரு லாரி. லாரியில் புரோட்டாக் கல்லு, பெஞ்சுகள், இரண்டு மாஸ்டர்கள். "அத்தா கடைதான் நல்ல கடைன்னு நீங்க மூணு பேரும் கவருமெண்டுக்கே எழுதிக் குடுத்தீங்களாமே மாமா, பெங்களூர்ல கேள்விப்பட்டு எனக்கு அழுகையே வந்துருச்சு. பஸ்ஸும் வாசல்லயே நிக்குது. வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி தொறக்கறேன். மொத பந்தியில நீங்கதான் உக்காரணும்" என்கிறான். குருமா அவன் அத்தா கைப்பக்குவமாம். நானும் அழுதேன், காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. அந்த இன்ஸ்பெக்டர் தங்கமான மனிதர். அவர் எழுதியது வார்த்தைக்கு வார்த்தை உண்மை. கடை பூட்டித்தான் கிடக்கிறது, ஆனால் அந்த வெள்ளிக்கிழமை வரைதான். அதற்குள் உத்தரவை ரத்து செய்து பஸ்ஸை மோட்டலுக்குத் திருப்பிவிடு. எப்படியும் பட்டினிதான், ஆனால் எதிர்க்கடையில் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடக்க ஓட்டல்காரனால் முடியாது. அந்த மோட்டல் மிக நல்ல ஓட்டல் என்று எழுதித் தர நாங்கள் மூவரும் ஒருமனதாகத் தயார்.