வாரேனுங்க என்கிற வலைத்தளம்

அன்புள்ள மாப்பிள்ளை கிருபாசங்கருக்கு,

கருமத்தம்பட்டியிலிருந்து மாமனார் திருமூர்த்தி எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, பதினாறு தறிகள் எல்லோரும் சௌக்கியம். சென்னையில் நீங்களும் வர்ஷினியும் அப்படியே இருக்க மருதமலையான் அருளட்டும். வாட்ஸ்அப்பில் எழுதினால் என் மகள் படித்துவிட்டு உங்கள் பக்கம் பேசுவாள் என்பதால் கூரியரில் அனுப்புகிறேன்.

நம் விசைத்தறி உரிமையாளர் சங்கத்துக்கு நீங்கள் செய்துகொடுத்த வலைத்தளம் மிக அழகு. முகப்பில் பருத்திக் காய் வெடிக்கிறது, தறி ஓடுகிறது, ட்ரோன் பறக்கிறது. பக்கம்தான் திறப்பதில்லை. டீ சொல்லி, அது வந்து, ஆறி, குடித்து முடித்தாலும் பாதிப் பருத்திதான் வெடித்திருக்கிறது. தவறிப்போய் பின்னால் போகும் பட்டனைத் தொட்டால் மறுபடி காயிலிருந்து ஆரம்பம். பிரவுசரை மாற்றச் சொன்னீர்கள். மூன்று மாற்றினேன், மூன்றிலும் அதே பருத்தி. உறுப்பினர் பதிவு முதல் தேர்தல் வேட்புமனு வரை எல்லாம் இனி இதில்தான் என்று பொதுக்குழுவில் மார்தட்டியவன் நான். நூற்றிருபது பேரில் பதிந்தவர்கள் ஏழு பேர், அதில் நான்கு பேர் நம் சொந்தம். இந்த லட்சணத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமை செயலாளர் தேர்தல். ஒரு தளத்தை ஓட்டத் தெரியாதவன் சங்கத்தை எப்படி ஓட்டுவான் என்று, என்னை எதிர்த்து நிற்கப்போகும் வேலன், டீ குடிக்கப் போகும் பேக்கரியிலெல்லாம் பேசிவருகிறான். பன்னிரண்டு வருடம் இருந்த பதவி, மாப்பிள்ளை. போனால் வெளியில் தலைகாட்ட முடியாது.

மெதுவாக இருப்பதைக்கூடப் பொறுத்திருப்பார்கள். பக்கம் திறக்கும்வரை காட்டுவதற்கு, கொங்குத் தமிழ் மணக்கட்டும் என்று 'வாரேனுங்க' என எழுதி வைத்தீர்களே, அதுதான் வினை. எங்கள் ஊரில் விடைபெற்றுக் கிளம்புகிறவர் சொல்லும் வார்த்தையும் அதுதான். பன்னிரண்டு தறி வைத்திருக்கும் செல்லாத்தாளிடம் ஏன் பதியவில்லை என்று கேட்டேன்.

"ஏனுங்க, அதுவே வாரேனுங்கன்னு கெளம்புது. போறதை நாம புடிச்சு வெக்க முடியுங்களா? சரிங்க, போயிட்டு வாங்கன்னு மூடிப்போட்டேன்."

ஊரே இப்படி மரியாதையாக வழியனுப்பிவிட்டது. இந்தக் கடிதம் கிடைத்த நிமிடமே அந்த வார்த்தையை எடுங்கள், பருத்தியையும் பறித்துவிடுங்கள். முடியாவிட்டால் சொல்லுங்கள், சூலூரில் ஒரு அம்மணி நொடியில் திறக்கிற தளம் செய்கிறாராம்.

வர்ஷினிக்கு என் ஆசி. இருவரும் உங்கள் தளத்தைவிட வேகமாக முன்னேற வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
மாமனார் திருமூர்த்தி

பி.கு.: கூரியர்காரர் வருவதற்குள் ஒரு செய்தி. வேட்புமனுவுக்கு இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிந்தது. வேலன் நான்கு தடவை திறந்து, நான்கு தடவையும் வழியனுப்பியிருக்கிறான். வந்து சேர்ந்த ஒரே மனு, காலையிலிருந்து காத்துக் கிடந்து நான் போட்டது. போட்டியில்லாமல் மூன்று வருடத்துக்கு நானே செயலாளர். ஆகவே மாப்பிள்ளை, தளத்தில் கை வைத்துவிடாதீர்கள். அடுத்த தேர்தலுக்குள் இன்னும் கொஞ்சம் மெதுவாக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள்.