கல்லுப்பு இருந்த உப்பில்லா விரதம்

கடல்தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மியா இருக்குது" என்று சொன்ன மனிதர் உலகத்திலேயே கல்லுப்பு ஒருவர்தான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். சத்தியம்.

மரக்காணம் உப்பளம் ஒன்றில் நான் சூப்பர்வைசராகக் குப்பை கொட்டிய காலத்தில் அவர் அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவர் பெண்டாட்டியே ஒரு நிமிஷம் யோசித்துத்தான் சொல்லுவாள். மற்றவர்கள் வாயில் வெற்றிலையை அடக்குவார்கள், இவர் கன்னத்தில் ஒரு உப்புக்கல்லை அடக்கியிருப்பார். டீக்கு உப்பு. தர்பூசணிக்கு உப்பு. வானூரில் மச்சான் கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கு உப்புக் கேட்டதும், சம்பந்தி வீட்டார் இலையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். சித்தப்பா செத்தபோது தேம்பித் தேம்பி அழுதவர், உதட்டுக்கு வந்த கண்ணீரை நாக்கால் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். அவரைக் கடித்த கொசுக்கள் தாகத்தில் தண்ணீர்ப் பானையைத் தேடிப் போகும் என்று டீக்கடையில் சொல்லுவார்கள்.

அவர் மனைவி அஞ்சலை அதே அளத்தில் பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பு வாருகிறவள். மத்தியானம் ஆனால் இரண்டு பேரும் உப்புக் குவியலின் நிழலில் ஒரே தூக்குவாளியைத் திறந்து உட்காருவார்கள். குழம்பில் உப்பு போதுமா போதாதா என்று ஆரம்பிக்கும் சண்டை, அவர் பாட்டியின் குணம் வரைக்கும் போய்த் திரும்பும். ஒருநாளாவது சண்டை போடாமல் அவர்கள் சாப்பிட்டதில்லை. ஒருநாளாவது தனித்தனியாகச் சாப்பிட்டதும் இல்லை.

இந்த ஜோடிக்கு நடுவில்தான் ஒரு சாமியார் வந்து உட்கார்ந்தார்.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக ஒரு பழைய பீச் பங்களாவை வாடகைக்குப் பிடித்து, வாசலில் 'குடில்' என்று போர்டு மாட்டினார். ஊர் அவருக்குப் பத்தியச் சாமி என்று பெயர் வைத்தது. அவருடைய உபதேசம் ஒரு வரிதான்: உப்பை விட்டவன் உலகத்தை விட்டவன். இதை அவர் வேறெங்காவது போய்ச் சொல்லியிருக்கலாம். முழங்கால்வரை உப்புத்தண்ணீரில் நின்று, உப்பை வாரி, உப்பை விற்று அரிசி வாங்குகிற ஜனங்களிடம் வந்து சொன்னார். அவர்களும் கைகட்டிக் கேட்டார்கள்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. சாமிக்கு அபார ஞாபகசக்தி. முதல் நாள் வந்தவளை அடுத்த வாரம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அஞ்சலையைப் பார்த்து, "கால் வலிக்கிறதா அம்மா?" என்று கேட்டார். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களின் கால்களைப் பார்த்திருக்கிறீர்களா? பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் உப்பு இறங்கி எரியும். இருபது வருஷமாக அந்தக் காலை யாரும் கேட்டதில்லை. அஞ்சலை அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம். உண்டியலும் கிடையாது, காணிக்கையும் கிடையாது. காசு கேட்காத ஆளை எப்படிச் சந்தேகப்படுவது?

முதலில் வியாழக்கிழமை மட்டும் உப்பில்லாச் சாப்பாடு. ஒருநாள்தானே என்று சம்மதித்தார்கள். அப்புறம் வாரம் முழுவதும். அப்புறம் உப்புப் போட்ட சட்டி பட்ட சோறு கூடாது. அப்புறம் உப்புத் தின்கிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவே கூடாது. இதில் இருக்கும் சாமர்த்தியம் புரிந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அம்மா வீட்டுக்குப் போக முடியாது, கல்யாணத்துக்குப் போக முடியாது, சாவு வீட்டில் ஒரு வாய் காபி குடிக்க முடியாது. சொந்தக்காரனை விலக்கி வை என்று அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோற்றை விலக்கினார், சொந்தம் தானாக விலகிவிட்டது.

குடிலுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கெல்லாம் 'உப்பு வாய்க்காரர்கள்' என்று பெயர். அதிகாலையில் வாட்ஸ்அப்பில் சாமியின் குரல் வரும்: "இன்று உன் நாக்கு யாருடையது?" ப்ளூ டிக் விழாத ஆளுக்கு உடனே போன். சாயங்காலம் நாக்குப் பரிசோதனை. பெரியம்மா ஒருத்தி செல்போன் டார்ச்சோடு நிற்பாள். அவளுக்கு நாக்கம்மா என்று பெயர் வைத்தது நான்தான். "நாக்க நீட்டு!" வரிசையாக நாற்பது பேர் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ரோட்டில் போகிற புதுச்சேரி பஸ்ஸிலிருந்து பார்த்தால், ஊரே சேர்ந்து தனக்கு அழகு காட்டுகிறது என்று டிரைவர் நினைத்திருப்பார்.

உப்பு இல்லாத உடம்போடு வெயிலில் வேலை செய்தால் என்ன ஆகும்? சுருண்டு விழுவார்கள். விழுந்தார்கள். "அருள் இறங்குது" என்றார் சாமி. விழாதவர்களுக்கு அருள் போதவில்லை என்று சோற்றின் அளவைக் குறைத்தார். மழை பெய்து உப்பு கரைந்தால் எவளோ திருட்டுத்தனமாக ஊறுகாய் தின்றிருக்கிறாள். பெய்யாவிட்டால் சாமியின் சக்தி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரே ஜெயித்தார்.

ஒருநாள் மத்தியானம் அஞ்சலை பாத்தியிலேயே விழுந்தாள். கல்லுப்பு மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி, அவளைத் தூக்கி வந்து நிழலில் கிடத்தி, இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு உப்புக்கல்லை எடுத்துத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினார். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தவள் நன்றி சொல்லவில்லை.

"யோவ்! என் விரதத்த கெடுத்துட்டியேய்யா, பாவி!"

"செத்துப் போயிருப்படி நீ!"

"செத்தா செத்துட்டுப் போறேன். ஒனக்கு இன்னா?"

அன்றிலிருந்து தூக்குவாளி இரண்டானது. அடுத்த பௌர்ணமிக்கு 'முழு சரண்' வாங்கப் போவதாக அஞ்சலை சொல்லிவிட்டாள். முழு சரண் என்றால் வீட்டை விட்டுக் குடிலுக்கே போய்விடுவது. பிறகு புருஷன் வாசலுக்கு வந்தாலும் முகம் பார்க்கக் கூடாது.

கல்லுப்பு நேராகக் குடில் வாசலுக்குப் போய் ஊரே அதிரக் கத்தினார். அதுதான் தப்பாகப் போயிற்று. "ஓர் உப்பு வாய்க்காரன் வாசலில் வந்து கத்துவான்" என்று சாமி முதல் நாளே சொல்லி வைத்திருந்தாராம். கத்தக் கத்த உள்ளே பக்தி கூடியது. அஞ்சலை கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாளாம், சாமி வாக்கு பலித்துவிட்டதென்று.

சாயங்காலம் கல்லுப்பு என்னிடம் வந்து உட்கார்ந்தார். கன்னத்தில் உப்புக்கல் இல்லை. பயந்து போனேன்.

"சார், நானும் குடில்ல சேந்துடறேன்."

"அண்ணா, உங்களுக்கென்ன பைத்தியமா? ஒரு வேளை உப்பில்லாம இருப்பீங்களா?"

"அஞ்சலை கூட குந்தி சோறு துன்னணும்னா சேந்துதான் ஆவணும் சார். அது பக்கத்துல இல்லாம துன்னா, உப்பு போட்டும் சப்புனுதான் இருக்குது."

மறுநாள் என் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். நாக்கம்மா, "வெச்சிருக்கிற உப்ப எல்லாம் கீழ போடு" என்றாள். சட்டைப்பையில் இரண்டு கல். இடுப்பு மடிப்பில் மூன்று. காது மடலில் ஒன்று. தலைப்பாகையை அவிழ்த்தார், ஆழாக்கு உப்பு கொட்டியது. கடைசியாக, தகப்பனார் நினைவாகக் கழுத்தில் போட்டிருந்த தாயத்தைத் திறந்தார். அதற்குள்ளும் உப்பு. நாக்கம்மா டார்ச் அடித்துப் பார்த்து, "நாக்குல வெள்ளையா படிஞ்சிருக்குதே" என்றாள். "அது பொறவிலயே அப்படித்தாம்மா" என்றார் இவர்.

சேர்ந்த பிறகு அவரைப் போல் யாரும் கீழ்ப்படியவில்லை. உப்பைத் தொடாதே என்றார் சாமி. கல்லுப்பு மூட்டை தூக்குவதை நிறுத்திவிட்டார். முதலாளி என்னைத் திட்டினார். உப்புக் காற்று மூக்கில் ஏறக் கூடாதென்று கடலுக்கு முதுகைக் காட்டியே நடந்தார், அதனால் ஊருக்குள் பாதி நேரம் பின்பக்கமாக நடந்தார். வியர்வை வாயில் பட்டால் விரதம் கெடுமா என்று கேட்க, தியானத்தில் இருந்த சாமியை எழுப்பினார். சாமி முகத்தில் முதல் தடவையாகக் களைப்பைப் பார்த்தேன்.

பௌர்ணமிக்கு முந்தின வியாழக்கிழமை கூட்டத்துக்கு நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அன்று 'ஒப்புக்கொடுத்தல்'. ஒவ்வொருவராக எழுந்து தான் செய்த பாவத்தைச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது, எழுந்து போகவும் கூடாது. இதெல்லாம் சாமியே போட்ட சட்டம். எல்லார் ரகசியமும் அவர் கையில் இருந்தது இப்படித்தான். ஒருத்தி ஊறுகாய் பாட்டிலை மோந்து பார்த்ததாக அழுதாள். இன்னொருத்தி கனவில் கருவாடு தின்றதற்கு மௌன விரதம் வாங்கிக்கொண்டாள்.

கல்லுப்பு எழுந்தார்.

"எல்லாத்தையும் சொல்லணுங்களா சாமி?"

"ஒன்றையும் மறைக்காதே."

"சரிங்க சாமி. மொத பாவம், நெத்திலி."

கூட்டம் நிமிர்ந்தது.

"எக்கியார்குப்பத்துல போட்லேர்ந்து எறக்கன ஒடனே வாங்கியாந்துடுவேன் சாமி. துள்ளிகினு இருக்கும். தலைய கிள்ளிட்டு, மஞ்சத்தூளு, மொளகாத்தூளு, ஒரு கை கல்லுப்பு. கொஞ்ச நேரம் ஊறணும். அவசரப்படக் கூடாது சாமி, அது பெரிய பாவம். தோசக்கல்லுல போட்டா சொர்ருனு ஒரு சத்தம் வரும் பாருங்க..."

முன்வரிசையில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டாள். நெத்திலியிலிருந்து இறால் தொக்குக்குப் போனார். அங்கிருந்து நண்டுக்கு. பழைய சோற்றையும் சுட்ட கருவாட்டையும் சொன்னபோது நாக்கம்மா முந்தானையால் வாயைத் துடைத்தாள். உப்பு மஞ்சள் போட்டு அவித்த பனங்கிழங்குக்கு வந்தபோது, "நாரை உரிச்சுட்டுத் துன்னுவியா, உரிக்காமயா?" என்று ஒரு குரல் கேட்டது, உடனே வாயைப் பொத்திக்கொண்டது. சாமியின் தொண்டைமணி ஏறி ஏறி இறங்கியது. அவரால் நிறுத்த முடியாது. அவர் போட்ட சட்டம்.

திடீரென்று கல்லுப்பின் குரல் இறங்கிப் போயிற்று.

"கடைசியா ஒண்ணு இருக்குது சாமி. எம் பொண்டாட்டி காலு வெடிச்சு, ராத்திரி தூக்கம் வராம பொரண்டு பொரண்டு படுத்துகினு இருக்கும். நான் கொறட்ட வுட்டுகினு கெடந்தேன். காலு வலிக்குதான்னு ஒரு வார்த்த நான் கேட்டதில்ல. நீங்க கேட்டீங்க. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அது உங்க பின்னால வந்துச்சு. நான் கேட்டிருந்தா வந்திருக்காது சாமி. இதுதான் பெரிய பாவம்."

கல்லுப்பு அழுகையை அடக்கத் தெரியாமல் மறுபடி சாப்பாட்டுக்குத் தாவினார். "கண்ணாலமான புதுசுல திண்டிவனத்துல சினிமாக்குப் போனோம் சாமி. பஸ் ஸ்டாண்டுல மாங்கா வாங்கிக் குட்த்தேன். வெறும் உப்பு மட்டும் தொட்டு..."

"யோவ்! பொய் சொல்லாத!"

அஞ்சலை எழுந்து நின்றாள். "வெறும் உப்பா? மொளகாத்தூளும்தான் இருந்துச்சு. நான்தான் கேட்டு வாங்குனேன். நீ காரம் தாங்காம குதிச்ச, சினிமா பூராவும் ஸ்ஸு ஸ்ஸுன்னுகினு இருந்த. சாமி எதிர்ல மாத்தி சொல்றியே!"

"மொளகாத்தூளு இல்லடி!"

"இருந்துச்சுய்யா!"

"மாங்காய்க்கு மொளகாத்தூளு இல்லாம எப்படி?" என்றாள் முன்வரிசைக்காரி. அவ்வளவுதான். நாற்பது பேருக்கும் மாங்காயைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது.

"அஞ்சலை! உட்கார்!" என்று சாமி கத்தினார். பூப்போலப் பேசுகிற மனிதர். அந்தக் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை. மாங்காய்ப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

அஞ்சலை உட்காரவில்லை. "எங்க மேஸ்திரி கூட என்ன இப்படி அதட்டுனதில்ல சாமி" என்றாள். பிறகு கல்லுப்பைப் பார்த்து, "வாய்யா, வூட்டுக்கு" என்று முன்னால் நடந்தாள். மிளகாய்த்தூள் இருந்ததா இல்லையா என்று மெயின்ரோடு வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். நான் பைக்கைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று சொன்னால் பொய். பாதிப்பேர் வந்தார்கள். உப்பு வாய்க்காரன் உள்ளே புகுந்ததால் இடம் தீட்டுப்பட்டுவிட்டது என்று சொல்லி, சாமி மீதிப்பேரோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். பனங்கிழங்குக் கேள்வி கேட்ட பெண்ணும் கூடப் போனாள். இன்றுவரை வீட்டுக்கு ஒரு போன் பண்ணவில்லை. நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

போன மாதம் மரக்காணம் போயிருந்தேன். கல்லுப்புக்கு பி.பி. எகிறி, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார். நான் போன நேரம் அவர் ஒரு பேசினில் வெந்நீர் ஊற்றி அஞ்சலையின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "வலிக்குதா?" "தெனமும் எத்தினி வாட்டியா கேப்ப!" துடைத்துவிட்டு எழுந்தவரை அவள் நிறுத்தினாள். "நாக்க நீட்டு." உலகத்திலேயே பெரிய உப்புத்தின்னி, பயந்துகொண்டே நாக்கை நீட்டினார். அவள் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

மூன்று பேருக்கும் இலை போட்டாள். குழம்பு பச்சைத் தண்ணீராக இருந்தது. அவருக்கென்று தனியாக ஆக்கவில்லை, அவளுக்கும் அதே குழம்புதான்.

"சார், ஒங்களுக்கு கொஞ்சம் உப்பு தரட்டா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்லி, இன்னொரு கரண்டி குழம்பு வாங்கிக்கொண்டேன்.