பெட்டியில் விழுந்த சீட்டு

"தினமும் அடி. முதுகெல்லாம் தழும்பு. யாரிடம் சொல்வதென்றும் தெரியவில்லை. காப்பாற்றுங்கள்."

பெயரில்லாத அந்தச் சீட்டைச் செயலாளர் மூன்று முறை படித்தார். இறகுப்பந்து மன்றத்தின் 'உறுப்பினர் நலப் பாதுகாவலர்' பட்டத்தைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டு, பித்தளைப் பலகை மாட்டி, புகார்ப் பெட்டியும் வைத்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஐந்து மணிக்கு விளையாட்டுத் துறை ஆய்வாளர் அம்மாள் வருகிறார். புகார் நிலுவையில் இருந்தால் உரிமம் ரத்து. ஆட்டக்கூடம் மரச்சாமான் கிடங்காகிவிடும்.

மணி நாலேகால்.

"இங்க கை நீட்டற அதிகாரம் யாருக்கு இருக்கு? கோச்சுக்குத்தான்!" இந்த மாதம் வளைந்த தன் மூன்றாவது மட்டையால் மேசையைத் தட்டினார்.

கோச் வந்து, நாற்காலியில் சாயாமல் நுனியில் உட்கார்ந்தார். "சார், அந்தச் சீட்டு..."

"மூச்! குற்றவாளி பேசக்கூடாது. அதான் நடைமுறை."

"நான் என்ன சொல்ல வரேன்னா..."

"சாமான் அறைக்குப் போங்க!" உள்ளே தள்ளிப் பூட்டினார்.

அடுத்து உறுப்பினர்கள் பதினைந்து பேரையும் வரிசையில் நிறுத்தினார். "பயப்படாம சொல்லுங்க. கோச் யாரை அடிச்சாரு?"

"கோச் அடியா? அவ்வளவு வேகம், கண்ணுக்கே தெரியாது சார்!" என்றார் வங்கிக்காரர்.

"நேத்து என் நெஞ்சுக்கு நேரா ஒண்ணு விட்டாரு பாருங்க, அசந்துட்டேன்!" மருந்துக்கடைக்காரர் பூரித்தார்.

செயலாளர் தலைகளை எண்ணினார். ஒரு புகார் பதினைந்தாகிவிட்டதே! "தழும்பைப் பார்க்கணும். எல்லாரும் சட்டையைக் கழட்டுங்க!"

"பாதுகாப்புன்னு சொல்லிட்டுத் துணியை உருவறீங்களே, வெக்கமா இல்ல?" தையல்காரர் குதித்தார். ஐந்தே நிமிடத்தில் பெட்டி சீட்டுகளால் பிதுங்கியது. எல்லாம் செயலாளர் மேலேயே புகார்.

பெட்டியையே பீரோவில் ஒளித்துவிடலாமென்று தூக்கினார். எதிரே ஆய்வாளர் அம்மாள்.

"ஏன் பெட்டியைக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கிறீங்க?"

"பா... பாதுகாப்பு மேடம்." சமாளித்துவிட்டதாக நினைத்து மார்பை நிமிர்த்தினார். "ஒருத்தரைத் தினமும் அடிச்சிட்டிருந்த ஆளைக் கையும் களவுமா பிடிச்சு, உள்ளே பூட்டி வச்சிருக்கேன்."

"மனுஷனையா பூட்டினீங்க?" அம்மாளின் பேனா வேகமாக ஓடியது.

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, இடுப்புச் சாவியால் கதவைத் திறந்தாள். கோச்சின் கையைப் பிடித்து வெளியே இழுத்து, திருப்பி நிறுத்தி, பனியனைத் தூக்கினாள். முதுகு முழுக்க, மட்டையின் விளிம்பை அப்படியே அச்செடுத்தது போல வளைவு வளைவாகச் சிவந்த தழும்புகள்.

"சீட்டு எழுதினதே இவருதான் சார்," என்றாள் அக்கா. "தெனம் காலையில டபுள்ஸ்ல உங்க ஜோடியா உங்களுக்கு முன்னாடி நிக்கிறது வேற யாரு?"